மால்குடி பார்க்கப் போன இடத்தில்...

கல்யாண வயதில் இருக்கும் பெண், "அம்மா, நான் ஆறு மாசம் காட்டுல தங்கிப் பாம்பைப் பத்திப் படிக்கப் போறேன்" என்று வந்து நின்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டேன். சாம்பார் தெறித்து அடுப்பே பாழாயிற்று.

என் பெண் விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்தவள். சின்ன வயதிலிருந்தே பல்லி, ஓணான் என்று எதைக் கண்டாலும் குனிந்து உட்கார்ந்துவிடுவாள். பெரியவளானால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சரியாகவில்லை. பாம்பில் வந்து நின்றது! அதுவும் சாதாரணப் பாம்பா? ராஜநாகம்! கர்நாடகத்தில் ஆகும்பே என்கிற மலைக்காட்டு ஊரில் அது கூடு கட்டுவதைக் கவனித்துக் குறிப்பெடுக்கிற வேலையாம். பாம்பு எங்கேயாவது கூடு கட்டுமா என்று நான் கேட்க, "உலகத்துலேயே இலையைக் குவிச்சுக் கூடு கட்டுற பாம்பு அது ஒண்ணுதாம்மா" என்றாள், ஏதோ எங்கள் வீட்டுப் பெருமையைச் சொல்வது போல!

என்னவர் ரொம்ப சாமர்த்தியசாலி. "நீ ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வா. நீ சரின்னா எனக்கும் சரி" என்று பழியை நைசாக என் தலையில் வைத்துவிட்டுப் பேப்பரில் மூழ்கிவிட்டார். ஆண்களுக்கு இது கைவந்த கலை.

எனக்கும் பாம்புக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு தாம்பரத்துக்கு அப்பால் ஏரிக்கரைப் பக்கம். ஒரு ஐப்பசி மழையில் தோட்டத்துக் குழாயடியில் நீளமாக ஒன்று நெளிந்தது. நான் போட்ட கூச்சலில் தெருப் பையன்கள் கம்போடு ஓடி வந்து அதை அடித்துப் போட்டுவிட்டார்கள். அன்று சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்த என் பெண் அதைப் பார்த்துவிட்டு, "இது சாரைம்மா. விஷமே கிடையாது. எலி பிடிக்க வந்திருக்கு" என்றாள். அப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் என்ன, படம் எடுக்கிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டா நிற்க முடியும்?

போக மாட்டேன் என்றுதான் இருந்தேன். அவள்தான் ஆசை காட்டினாள். "ஸ்வாமி வீட்டைக் காட்டுறேன்மா. மால்குடி எடுத்த ஊர் அதுதான்."

அங்கேதான் நான் விழுந்தேன்! 1986-87ல் தூர்தர்ஷனில் 'மால்குடி டேஸ்' வந்தபோது எனக்கு ஏழெட்டு வயது. எங்கள் தெருவில் இரண்டே வீட்டில்தான் டி.வி. இந்தியில் அவர்கள் பேசப் பேச, எங்கள் அப்பா கிசுகிசுவென்று தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். அவர் சொன்னதில் பாதி அவருடைய சொந்தக் கற்பனை என்று பின்னால்தான் தெரிந்தது. ஸ்வாமியாக நடித்த மாஸ்டர் மஞ்சுநாத்தின் முகமும், எல். வைத்தியநாதன் போட்ட அந்த ஆரம்ப இசையும், ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்த சித்திரங்களும் இன்றைக்கும் கண்ணுக்குள்ளேயே இருக்கின்றன. மால்குடி என்பது கும்பகோணம் பக்கத்தில் எங்கோ இருக்கிறது என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆடி மாதத்தில் புறப்பட்டோம். "கொட்டுற மழையிலயா?" என்று மாமியார் கேட்டார். மழையில் பார்த்தால்தான் அந்த ஊர் என்ன என்று தெரியும் என்பது என் பெண்ணின் கட்சி. சென்னையிலிருந்து ராத்திரி மங்களூர் மெயிலில் ஏறி, மறுநாள் மங்களூரில் இறங்கி, பஸ்ஸில் உடுப்பி. கிருஷ்ணனைத் தரிசித்துவிட்டு அன்று அங்கேயே தங்கினோம். காலையில் ஹெப்ரி, சோமேஸ்வர வழியாக மலை ஏறுகிற சின்ன பஸ். கடைசியில் வருகிற மலைப்பாதையில் பதினாலு கொண்டை ஊசி வளைவுகள். நான் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தேன், வாந்தி வராமலிருக்க வேறு வழியில்லை. வளைவு ஓரத்தில் சிங்கவால் குரங்குகள் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தன. யாரோ ஜன்னல் வழியாகப் பிஸ்கட்டை நீட்ட, என் பெண் எழுந்து போய், அப்படிக் கொடுத்துப் பழக்கினால் அவை ரோட்டிலேயே காத்திருந்து வண்டியில் அடிபடும் என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு வந்தாள். வீட்டில் என்னிடம் பேசும்போது இந்தப் பொறுமை எங்கே போகிறதோ!

ஆகும்பே ரொம்பச் சின்ன ஊர். ஒரு கடைத்தெரு, சில ஓட்டு வீடுகள், கோயில், பள்ளிக்கூடம். சுற்றிலும் காடு. மழையைப் பற்றி என்ன சொல்ல? சென்னையில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வது சுமார் 1,400 மில்லிமீட்டர். இங்கே 7,000க்கும் மேல்! தென்னாட்டுச் சிரபுஞ்சி என்று பேர். நம் ஊர் மழை போல இடித்து முழக்கிவிட்டு நின்றுபோகிற மழை இல்லை. தறி ஓடுவதுபோல ஒரே சத்தத்தில் ராத்திரியும் பகலும் பெய்துகொண்டே இருக்கிறது. பக்கத்தில் நிற்பவரிடம் உரக்கப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் 'தொட்டமனை' பார்த்தோம். கன்னடத்தில் பெரிய வீடு என்று அர்த்தம். ஸ்வாமி வீடாகக் காட்டியது இதைத்தான். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட வீடு. வேலைப்பாடு செய்த மரத்தூண்கள், நடுவில் முற்றம், ஓடுகளிலிருந்து முற்றத்தில் நாலு பக்கமும் கொட்டுகிற மழை. தூணைத் தொட்டுக்கொண்டு சும்மா நின்றேன். அப்பா இருந்திருந்தால் இந்தத் தூணுக்கும் ஒரு கதை கட்டியிருப்பார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நான் தேடிப் போன மால்குடி முழுசாக அங்கே இல்லை. இந்த ஊருக்கு ரயிலே கிடையாது! அந்த ரயில் நிலையத்தை எடுத்தது சிமோகா பக்கம் அரசாளு என்கிற ஸ்டேஷனில். அந்தப் பழைய கட்டடத்தை இப்போது மால்குடி அருங்காட்சியகமாக ஆக்கியிருக்கிறார்கள். கதை எழுதிய ஆர்.கே. நாராயண் 1906ல் பிறந்தது சென்னையில், புரசைவாக்கத்தில் பாட்டி வளர்த்தார், வாழ்ந்தது மைசூரில். மால்குடி என்ற பெயர் மனசில் உதித்தது 1930ல் ஒரு விஜயதசமியன்று பெங்களூரில். 'ஸ்வாமியும் சினேகிதர்களும்' அச்சில் வந்தது 1935ல். ஆகும்பேயைத் தேர்ந்தெடுத்தவர் டைரக்டர் சங்கர் நாக். பாவம், 1990ல் கார் விபத்தில் சின்ன வயதிலேயே போய்விட்டார். ஆக, எங்கேயும் இல்லாத ஓர் ஊருக்கு நான் ஏழு வயதிலிருந்து ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். என் பெண் சிரிக்கவில்லை. "அதனால என்னம்மா, நீ பார்த்தது நிஜம்தானே" என்றாள்.

நாங்கள் தங்கியது ஊருக்கு வெளியே ஒரு பாக்குத் தோட்டக்காரர் வீட்டில். அந்த வீட்டு அம்மாள் வாசலில் நின்று, "பன்னி, பன்னி" என்று என்னை வரவேற்றார். எனக்குச் சுருக்கென்றது! பெண் காதைக் கடித்தாள், "வாங்கன்னு சொல்றாங்கம்மா." அப்புறம் மூன்று நாளும் அவர் கன்னடத்தில் பேச, நான் தமிழில் பேச, நடுவில் பெண் இல்லாவிட்டாலும் சமையல் பேச்சு தடையில்லாமல் நடந்தது.

மழைக்காலத்துக்காக அந்த வீட்டில் அவர்கள் செய்து வைத்திருக்கிற ஏற்பாட்டைப் பார்க்க வேண்டுமே! கோடையிலேயே விறகை வெட்டிக் கொட்டகை நிறைய அடுக்கிவிடுகிறார்கள். பலாக்காய் அப்பளம் டின் டின்னாக. வடுமாங்காய் ஊறுகாய் ஜாடியில். ஈரத்துணி காய அடுப்புக்கு மேலே குறுக்குக் கயிறு. விடிந்ததும் காப்பிக்குப் பதில் கஷாயம். கொத்தமல்லி விதை, சீரகம், மிளகு, கொஞ்சம் வெந்தயம் இவற்றை வறுத்துப் பொடித்து வைத்துக்கொண்டு, வெல்லமும் தண்ணீரும் விட்டுக் கொதித்ததும் பால் சேர்த்து இறக்குகிறார்கள். அந்தக் குளிருக்கு அமிர்தமாக இருக்கிறது.

சாப்பாட்டில் முதலில் 'தம்புளி'. நம் வல்லாரையில் செய்தது. ஒரு கைப்பிடி இலையை நெய்யில் சீரகம், மிளகோடு வதக்கி, தேங்காயோடு அரைத்து, மோரில் கலந்து உப்புப் போட வேண்டியது, அவ்வளவுதான். கொதிக்க விடக்கூடாது. சுடுசாதத்தில் பிசைந்து சாப்பிட்டால் வயிறு குளிர்ந்துபோகிறது. நான் ஊருக்கு வந்தபின் வாரம் ஒருமுறை செய்கிறேன். மாமியார்கூட இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இரண்டாம் நாள் காலை, என் பெண், அங்கே ஏற்கெனவே வேலை பார்க்கிற ஒரு பெண், நான் மூவரும் கூட்டைப் பார்க்கக் கிளம்பினோம். புறப்பட்ட பத்தாவது நிமிஷம் அட்டை! என் கணுக்காலில் இரண்டு, விரலிடுக்கில் ஒன்று. நான் உப்பைத் தேட, அந்தப் பெண் உட்கார்ந்து, நகத்தை அட்டையின் வாய்ப்பக்கம் வைத்துப் பக்கவாட்டில் தள்ளி எடுத்துப் போட்டாள். பிடித்து இழுக்கக்கூடாதாம். அட்டையின் எச்சில் ரத்தத்தை உறையவிடாது, அதனால் கடிவாயில் கொஞ்ச நேரம் வடிந்துகொண்டே இருக்கும், பயப்பட வேண்டாம் என்றாள். சொந்தக்கார வீட்டு மாமிக்குச் செய்வதுபோல என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு துடைத்துவிட்டாள். இருபத்தைந்து வயதிருக்கும். எந்த வீட்டுப் பெண்ணோ.

பாக்குத் தோப்பு முடிந்து காடு தொடங்குகிற சரிவில், இருபதடி தூரத்திலேயே எங்களை நிறுத்திவிட்டாள். மூங்கில் இலையும் சருகும் குவிந்த ஒரு மேடு. சுற்றி மீன்வலை போல ஒரு வலை கட்டியிருந்தார்கள். இதுவா கூடு என்று எனக்குச் சப்பென்று போயிற்று. பிறகு அவள் சொல்லச் சொல்லத்தான் விஷயம் விளங்கிற்று.

கையா காலா அதுக்கு? உடம்பை வளைத்து வளைத்தே சருகையெல்லாம் வாரிச் சேர்க்கிறது. நடுவில் இருபது முப்பது முட்டை. அதன்மேல் இறுக்கமாக இலைக்கூரை. இத்தனை மழை பெய்தும் உள்ளே முட்டைகள் ஈரமாவதில்லை! எங்கள் வீட்டு மொட்டைமாடி ஒழுகலுக்கு மூன்று வருஷமாக ஆள் மாற்றி ஆள் வந்து பூசிக்கொண்டிருக்கிறார்கள். தாய்ப்பாம்பு இரை தின்னாமல் வாரக்கணக்கில் மேலேயே சுருண்டு காவல் இருக்குமாம். பத்துப் பன்னிரண்டு அடி நீளம். முட்டை பொரியக் கொஞ்ச நாள் இருக்கும்போது அது தானாகக் கிளம்பிப் போய்விடுமாம். இந்தக் கூட்டின் தாய் நாலு நாள் முன்னால்தான் போயிருக்கிறது.

"குட்டிங்களைப் பார்க்காமலேயா?" என்று கேட்டேன்.

"ஆமாம் ஆன்ட்டி. அதோட சாப்பாடே பாம்புதானே. பசியோட இருக்கிறப்போ குட்டிங்க வெளியே வந்தா கஷ்டம்னு சொல்றாங்க."

மழைச் சத்தத்தில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, முக்கியமாக எந்தப் பாம்பைத் தின்னும் என்று கேட்டேன். என் பெண் என் முகத்தைப் பார்க்காமல், "சாரைம்மா" என்றாள். சாரையைத் துரத்திக்கொண்டுதான் அது வீட்டுப் பக்கமே வருகிறதாம்.

இந்த ஊர்க்காரர்கள் ராஜநாகத்தைக் 'காளிங்க சர்ப்பம்' என்பார்கள். அடிக்க மாட்டார்கள். எங்கள் வீட்டு அம்மாளின் விறகுக் கொட்டகைக்கே ஒருமுறை வந்ததாம். ஆட்களுக்குச் சொல்லியனுப்ப, அவர்கள் வந்து ஒரு துணிப்பையின் வாயில் குழாயைப் பொருத்தி வைத்து, இருட்டான பொந்து என்று அது தானாகவே உள்ளே நுழையும்வரை காத்திருந்து, பக்கத்துக் காட்டிலேயே விட்டார்களாம். தொலைவில் கொண்டுபோய் விட்டால் இடம் தெரியாமல் அலையும் என்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள். பாம்பின் உடம்புக்குள் சின்ன ரேடியோக் கருவியை வைத்துத் தைத்து, அது போகிற இடமெல்லாம் பின்னாலேயே நடந்து தெரிந்துகொண்ட விஷயம் இது. நம் கிண்டிப் பாம்புப் பண்ணையை ஆரம்பித்தாரே ரோமுலஸ் விட்டேக்கர், அவர்தான் 2005ல் இங்கே மழைக்காட்டு ஆராய்ச்சி நிலையத்தையும் தொடங்கியவர்.

"உங்களுக்குப் பயமா இல்லையா?" என்று அந்த அம்மாளைக் கேட்டேன், பெண்ணை மொழிபெயர்க்கச் சொல்லி. அவர் பாக்கை நறுக்கிக்கொண்டே சொன்ன பதில்: "பாம்பு இங்கே இருக்கு, எனக்குத் தெரியும். என் ரெண்டு பையன்களும் பெங்களூருல ராத்திரியில பைக் ஓட்டிட்டுப் போறாங்களே, அதுக்குத்தான் எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது."

அன்று ராத்திரி எனக்கும் தூக்கம் வரவில்லை. விளக்கை அணைத்ததும் கேட்டேவிட்டேன். "கடிச்சா மருந்து இருக்கா?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நம் நாட்டில் செய்கிற விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நாலு பாம்புகளுக்கானது. அதற்கான விஷத்தைப் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பவர்கள் நம் வடநெம்மேலியில் 1978ல் இருளர்கள் அமைத்த கூட்டுறவுச் சங்கத்தார். ராஜநாகத்துக்கு அந்த மருந்து பயன்படாது. இந்த ஆராய்ச்சியில் முன்னால் நிற்கிற கௌரி சங்கர் என்பவரையே 2005ல் ராஜநாகம் கடித்து, தாய்லாந்து மருந்து கொடுத்தும் அது சரியாகக் கேட்கவில்லை. பிழைத்து எழுந்தவர், ஏன் கேட்கவில்லை என்று தேடப் புறப்பட்டு, கடைசியில் அவரும் மற்றவர்களும் சேர்ந்து 2024ல், இதுவரை ஒன்று என்று நினைத்த ராஜநாகம் உண்மையில் நாலு இனம் என்று நிரூபித்தார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பாம்புக்கு 'காளிங்கா' என்றே பேர் வைத்திருக்கிறார்கள்.

"இதை ஏன்டி முன்னாடியே சொல்லலை?"

"நீ கேட்டா சொல்லாம இருப்பேனாம்மா? நான் அதைத் தொடவே போறதில்லை. தூர உட்கார்ந்து நேரம், வெயில், மழை எல்லாம் எழுதுவேன். அது மனுஷனைக் கண்டா விலகிப் போற ஜாதி. நம்ம நாட்டுல வருஷத்துக்கு சராசரி 58,000 பேர் பாம்பு கடிச்சு சாகறாங்கம்மா. கிட்டத்தட்ட எல்லாரும் வயல்லயும் வீட்டுலயும் விரியன், நாகம் கடிச்சவங்க. நேரத்துக்கு ஆஸ்பத்திரி போகாததுதான் பாதி."

அப்போது அவள் சொன்னதை எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன். கடித்த இடத்தைக் கீறக்கூடாது, வாயால் உறிஞ்சக்கூடாது, கயிற்றால் இறுக்கிக் கட்டவும் கூடாது. மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிட்டு, கை கால் அசையாமல் கட்டை வைத்துத் துணியால் தளர்வாகச் சுற்றி, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு நேரே விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பாம்பை அடித்து எடுத்துப்போக வேண்டியதில்லை. ராத்திரி வெளியே போனால் கையில் டார்ச், காலில் செருப்பு. தரையில் படுப்பவர்கள் கொசுவலையைப் பாய்க்கடியில் செருகிக்கொள்ள வேண்டும். நாற்பத்தாறு வயதில் இதை என் பெண்ணிடம் கற்றுக்கொண்டேன்.

அவள் பேசிக்கொண்டே தூங்கிப்போனாள். நான் எழுந்து உட்கார்ந்திருந்தேன். வெளியே தவளைகள் கத்திய கத்தல்! வீட்டில் அவள் முகம் இப்படித் தெளிவாக இருந்து நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று என்று தோன்றியது. அதற்காகப் பயம் போய்விட்டதா என்றால், இல்லை. இப்போதும் போகவில்லை.

மூன்றாம் நாள் சூரிய அஸ்தமனம் பார்க்கும் இடத்துக்குப் போனோம். ஆகாயம் தெளிவாக இருந்தால் அங்கிருந்து அரபிக்கடலில் சூரியன் முழுகுவது தெரியுமாம். நாங்கள் பார்த்தது வெள்ளைப் புகை மூட்டம் மட்டும். பக்கத்தில் ஒரு புதுமண ஜோடி குடை முறிந்து, அந்த வெள்ளையையே முதுகில் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் அஸ்தமனத்துக்காகப் போவதானால் மார்கழி, தை மாதத்தில் போங்கள். அருவிக்காகக் காட்டுக்குள் நடப்பதென்றால் வனத்துறையிடம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அங்கிருந்தே அவருக்குப் போன் போட்டேன். லைன் கிடைப்பதே பெரும்பாடு.

"என்ன, பார்த்தியா?"

"பார்த்தேன். பாம்பு இல்லை, கூடுதான் இருந்தது."

"என்ன சொல்றே, சரியா?"

"துணி எடுக்கணும். கெட்டித் துணி" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

கடையில் விற்கிற காலுறையில் நூல் இடைவெளி வழியாக அட்டை புகுந்துவிடுகிறது. அந்தப் பெண் போட்டிருந்ததைப் பார்த்து அளவெடுத்து வந்தேன். கெட்டியான காடாத் துணி, ஒரு மீட்டரில் ஒரு ஜோடி தாராளமாக வரும். துணியை முதலில் நனைத்துக் காயவைத்து விடுங்கள், பின்னால் சுருங்காது. பாதத்தை வைத்து வரைந்து, சுற்றிலும் இரண்டு விரற்கடை கூடுதலாக விட்டு, முழங்கால் வரை பை மாதிரி வெட்டி, ஓரத்தை மடித்து இரட்டைத் தையல் போட வேண்டும். ஒரு தையல் போதாது. மேலே நாடா கோக்க மடிப்பு. முழங்காலுக்குக் கீழே கட்டிக்கொண்டு அதன்மேல் ஷூ. வெள்ளைத் துணியாக இருந்தால் அட்டை ஏறுவது கண்ணுக்குத் தெரியும்.

இரண்டு ஜோடி தைத்துக் கொடுத்தனுப்பினேன். போய்ச் சேர்ந்த மறு வாரமே போன். "அம்மா, நல்லா இருக்கு. இன்னும் நாலு ஜோடி வேணும். இங்க எல்லாரும் கேட்கறாங்க. ஒண்ணு மட்டும் பெரிய சைஸ்" என்றாள். மெஷினுக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். நாளைக்கு வெட்ட வேண்டும்.